க்யிம்யிண்டைங்கிலிருந்து வந்த பியூரிட்டன்

பியூரிட்டன்களை இனிமேல் ஒரே பக்கத்தில் முடித்துவிடப் போகிறார்களாம். புதிய பாடத்திட்டத்தில் அமெரிக்க இலக்கியத்தின் தொடக்க காலத்துக்கு அவ்வளவுதான் இடம் என்று எங்கள் கல்லூரியில் இப்போது பாடம் நடத்தும் பிள்ளைகள் கைப்பேசிக் குழுவில் எழுதியிருந்தார்கள். கூடவே ஒருத்தி, "செயாமா, நீங்க அந்தப் பாடம் நடத்தினப்போ பக்கத்து வகுப்புக்காரங்களும் ஜன்னல்ல வந்து நிப்பாங்களாமே? அப்படி என்னதான் செஞ்சீங்க, எழுதிக் குடுங்களேன்" என்று கேட்டிருந்தாள். இங்கே பர்மியத்தில் ஆசிரியையைச் செயாமா என்றுதான் கூப்பிடுவார்கள். ஓய்வு பெற்ற பிறகும், பெண்களுக்கு மரியாதையாகப் போடும் டோவைச் சேர்த்து என்னை டோ ராணி என்று பெயர் சொல்லிக் கூப்பிட யாருக்கும் வாய் வரவில்லை.

படித்ததும் முதலில் கோபம் வந்தது. ஒரு பக்கமாம், ஒரு பக்கம்! அந்த மனிதர்கள் ஒரு நாள் ராத்தூக்கம் வராததைப் பற்றியே அதைவிட அதிகமாக எழுதியவர்கள். கொஞ்ச நேரத்தில் கோபம் போய், அந்த வகுப்பறையின் பரபரப்பு வந்து ஒட்டிக்கொண்டது. ரங்கூன் என்று நீங்கள் அறிந்த யாங்கூனில், எங்கள் தாமுவே பகுதியில் மத்தியானம் மின்சாரம் போய்விட்டது, விசிறி நின்றுவிட்டது, கீழே கடைக்காரன் ஜெனரேட்டரைப் போட்டுவிட்டான். நான் ஜன்னலோரம் உட்கார்ந்து எழுத ஆரம்பித்துவிட்டேன். எனக்கு மெதுவாகப் பேச வராது, எழுத்தும் அப்படித்தான் இருக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் ஆசிரியையான கதை சின்னது. அப்பா நகராட்சியில் குடிநீர்க் குழாய் வேலை. வீட்டில் தமிழ், தெருவில் பர்மியம், பள்ளியில் இரண்டிலும் சேராத ஓர் இங்கிலீஷ். தபால் வழியில் பட்டம் வாங்கினேன், வீடு வீடாகப் போய் டியூஷன் எடுத்தேன், கடைசியில் ஒரு தனியார் கல்லூரியின் ஆங்கிலத் துறையில் இடம் கிடைத்தது. சேர்ந்த முதல் வருடமே பியூரிட்டன்களை என் தலையில் கட்டினார்கள். வேறு யாருக்கும் அந்தப் பாடம் வேண்டாம் என்பதுதான் காரணம்.

யார் இவர்கள் என்று தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். சுமார் நானூறு வருடங்களுக்கு முன் இங்கிலாந்தை விட்டுக் கடல் தாண்டி, அமெரிக்காவின் குளிர்க் கரையில் போய்க் குடியேறிய கிறிஸ்தவர்கள். வழிபடும் கட்டடத்தில் சிலுவை வேண்டாம், படம் வேண்டாம், வாத்தியம் வேண்டாம், கிறிஸ்துமஸ் பண்டிகைகூட வேண்டாம் என்றவர்கள். வேதப் புத்தகத்தில் இருந்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. இதைக் கேட்டதும் என் மாணவிகள் ஐயோ பாவம் என்று உச்சுக் கொட்டுவார்கள். முழுநிலாவுக்கு முழுநிலா ஏதாவது ஒரு திருவிழா வைத்துக் கொண்டாடுகிற ஊர் எங்களுடையது.

அதைவிடப் பெரிய அதிர்ச்சி அடுத்தது. யார் மோட்சத்துக்குக் கரையேறுவார், யார் மாட்டார் என்பதைக் கடவுள் உலகத்தைப் படைக்கும் முன்பே முடிவு செய்துவிட்டார், நல்ல காரியம் செய்து அதை வாங்க முடியாது என்பது அவர்கள் நம்பிக்கை. நான் சொல்லி வாய் மூடும் முன் வகுப்பே கொந்தளித்துவிடும். "அப்ப பிக்குகளுக்குச் சோறு போட்டாலும் குதோ கிடையாதா செயாமா?" என்று எழுந்து கேட்பார்கள். குதோ என்றால் பர்மியத்தில் புண்ணியம். கிடையாது என்பேன். "அப்ப எதுக்கு ஒருத்தன் ஒழுங்கா இருக்கணும்?" அங்கேதான் எனக்குக் குஷி பிறக்கும். அதுதான் கேள்வி! தான் தேர்ந்தெடுக்கப்பட்டவனா இல்லையா என்று எப்படித் தெரிந்துகொள்வது? வெளியே யாரும் சொல்லப்போவதில்லை. தன் மனத்துக்குள்ளேயே விளக்கைப் பிடித்துக்கொண்டு தேட வேண்டும். பயிர் காய்ந்தால் அதற்கு என்ன பொருள், பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் என்ன பொருள், பிரசங்கத்தின்போது மனம் மாட்டுத் தொழுவத்துக்குப் போனதே, அதற்கு என்ன பொருள் என்று தினமும் தேடினார்கள், தேடியதை எழுதினார்கள். அலங்காரம் இல்லாமல், வயலில் நிற்பவனுக்கும் புரிகிற மாதிரி எழுதினார்கள். ஒரு நாட்டின் இலக்கியம் கவலையிலிருந்து கிளம்பியது என்பதை நினைத்தால் எனக்கு இப்போதும் மயிர்க் கூச்செறிகிறது.

எங்கள் துறைத் தலைவர் டோ மியா தினுக்கு இந்த மயிர்க் கூச்செறிப்பெல்லாம் பிடிக்காது. அவர் பக்திமிக்க பௌத்தர், குள்ளமாக இருப்பார், கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டை, குரலை உயர்த்தியதே கிடையாது. முன்னறிவிப்பில்லாமல் வகுப்புக்குள் வந்து கடைசி வரிசைக்குப் பின்னால் நின்றுகொள்வார். உட்கார மாட்டார். கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். தூங்குகிறார் என்று புதிதாக வந்தவர்கள் நினைத்துக்கொள்வார்கள். பாடம் முடிந்ததும் கண்ணைத் திறந்து ஒரே ஒரு கேள்வி கேட்பார்: "நீ சொன்னது எங்கே எழுதியிருக்கு?"

உடனே புத்தகத்தைத் திறந்து அந்த வரியில் விரலை வைத்துக் காட்ட வேண்டும். காட்ட முடியாவிட்டால் மறுநாள் அதே வகுப்பில் நின்று, நேற்று சொன்னதற்கு ஆதாரம் இல்லை என்று சொல்ல வேண்டும். பியூரிட்டன்கள் கறுப்பு உடையைத் தவிர வேறு உடுத்தவே மாட்டார்கள் என்று ஒரு தடவை அடித்துவிட்டேன். எல்லாரும் அப்படித்தான் சொல்கிறார்கள். ஆனால் புத்தகத்தில் பழுப்பு, சிவப்பு, பச்சை எல்லாம் இருக்கிறது! மறுநாள் அவர்களுக்குக் கறுப்பைக் கழற்றி வண்ணம் உடுத்திவிட்டேன். ஒரு வரிக்காக மனிதரை இப்படி நிற்கவைக்கிற டோ மியா தினைவிடப் பெரிய பியூரிட்டன் யாங்கூனில் கிடையாது என்று நாங்கள் ஆசிரியர் அறையில் கேலி செய்வோம். அவர் காதிலும் அது விழுந்திருக்கும்.

சரி, ஜன்னலில் கூட்டம் நின்ற விஷயத்துக்கு வருகிறேன். அவர்கள் சபையில் ஒரு வழக்கம் இருந்தது. முழு உறுப்பினராக வேண்டும் என்றால் எல்லார் முன்னாலும் எழுந்து நின்று, கடவுளின் அருள் தன்னை எப்படித் தொட்டது என்று சொந்த அனுபவத்தைச் சொல்ல வேண்டும். மற்றவர்கள் கேள்வி கேட்பார்கள். பிறகு ஓட்டு. ஒப்புக்கொண்டால் சேர்ப்பார்கள், இல்லாவிட்டால் காத்திரு, மறுபடி வா என்பார்கள். இதை வாசித்துக் காட்டினால் பிள்ளைகள் கொட்டாவி விட்டார்கள். அதனால் நடத்திக் காட்ட முடிவு செய்தேன். டோ மியா தின் ஒரு நிபந்தனை போட்டார். புத்தகத்தில் எழுதியிருக்கிறபடியே நடக்க வேண்டும், என் கற்பனை ஒரு சொட்டும் கூடாது.

ஆகவே வியாழக்கிழமைகளில் எங்கள் வகுப்பு சபையானது. பெஞ்சுகளை இரண்டாகப் பிரித்து ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். அங்கே வயதையும் சொத்தையும் அந்தஸ்தையும் பார்த்து இடம் ஒதுக்க ஒரு குழு இருந்ததால், இங்கேயும் ஒரு குழு, அதில் தவறாமல் ஒரு சண்டை. மேஜைமேல் மணல் கடிகாரம். இரண்டு தண்ணீர்ப் பாட்டில்களை வாயோடு வாய் ஒட்டி, ஆற்று மணலைப் போட்டு மாணவிகளே செய்தது. நீண்ட பிரசங்கத்தில் தூங்கி விழுபவர்களை எழுப்ப ஓர் ஆள் கம்போடு நடப்பானாம். ஒரு முனையில் மரக்குமிழ் ஆண்களுக்கு, மறு முனையில் நரிவால் பெண்களுக்கு. நரிவாலுக்கு யாங்கூனில் எங்கே போவது? மூங்கில் கழியில் ஒரு பக்கம் பந்தும் மறு பக்கம் கோழி இறகும் கட்டி, நான் சொல்லப்போகும் வருடத்தில் கோ நைங் என்ற பையனிடம் கொடுத்திருந்தேன். அவன் அதைக் கீழே வைக்கவே மாட்டான்.

போதகர் நான்தான். கரும்பலகையில் நான்கு படிகளைப் பர்மியத்தில் எழுதிப் போடுவேன். முதலில் பயம். பிறகு, நான் நல்லவன்தானே என்கிற போலி நிம்மதி. அது உடைந்து நம்பிக்கை அற்றுப்போதல். கடைசியில் ஒரு சின்ன நம்பிக்கை. கவனியுங்கள், சின்னது. எனக்கு எல்லாம் கிடைத்துவிட்டது என்று மார் தட்டுகிறவனை அந்தச் சபை சந்தேகப்படும். சந்தேகம் கலந்த நம்பிக்கைதான் அசல் என்பது அவர்கள் கணக்கு. இன்னொன்று, ஓட்டு ஆண்களுக்கு மட்டும். பெண்ணின் அனுபவத்தைப் போதகர் தனியாகக் கேட்டு எழுதி, அவரே சபையில் வாசிக்கிற வழக்கமும் பல இடங்களில் இருந்தது. இலக்கிய வகுப்பில் பையன்கள் ஒரு பெஞ்சு நிறைந்தால் பெரிது. அந்த ஒரு பெஞ்சு ஓட்டுப் போட, மீதி வகுப்பு பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். இது அநியாயம் என்று கத்துவார்கள். ஆமாம், அநியாயம்தான், பரீட்சையில் அப்படியே எழுதுங்கள் என்பேன்.

இப்படி ஓடிக்கொண்டிருந்தபோது, நான் ஓய்வு பெறுவதற்குக் கொஞ்ச காலம் முன்னால், ஒரு நாள் காலை துறை அறைக் கதவைத் தள்ளிக்கொண்டு ஊ கதிரேசன், அதாவது கதிரேசன் ஐயா, வந்தார். இதே ஊரில் க்யிம்யிண்டைங் படித்துறைப் பக்கம் வாழைத்தார் மொத்த வியாபாரம் செய்பவர். ஆற்று டெல்டாவிலிருந்து படகில் வருகிற தார்களை இறக்கி ஊர் முழுக்க அனுப்புவார். நெற்றியில் விபூதி, கட்டம் போட்ட லுங்கி, கையில் வாழைக்கறை. அவர் பின்னால் தலையைக் குனிந்துகொண்டு அவருடைய மகள் மா நந்தா நின்றாள். கடைசி வருட மாணவி. அந்த வாரம் சபையில் எழுந்து நின்று சொல்ல வேண்டியவள் அவள்தான்.

"செயாமா, நீங்க நம்ம ஆளு. கோயில்ல பால்குடம் எடுத்தவங்க. நீங்களே புள்ளைங்கள கிறிஸ்தவ வேதத்துல சேக்கலாமா?" என்றார்.

"யாரு சேத்தா? என்ன சொல்றீங்க?"

"நடிக்காதீங்க. ஒரு வாரமா விடிஞ்சா போதும், பால்கனில நின்னு கத்துது. நான் பாவி, என்னைக் காப்பாத்து ஆண்டவரேன்னு. எனக்கு இங்கிலீஷு வராது. எதுத்த வீட்டுல கப்பல் ஆபீசுல கிளார்க்கா இருந்தவரு இருக்காரு, அவருதான் அர்த்தம் சொன்னாரு. தெருவே நின்னு கேக்குது. நாளைக்கு இவள எவன் கட்டுவான்?"

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. எங்கள் ஊரில் எந்தப் பாடமாக இருந்தாலும் வாய்விட்டுக் கத்திப் படித்தால்தான் மண்டையில் ஏறும். விடியற்காலை எந்தத் தெருவில் நடந்தாலும் மாடிக்கு மாடி பாடம் ஒலிக்கும். ரசாயனச் சூத்திரத்தையும் அப்படித்தான் படிப்பார்கள், சரித்திரத்தையும் அப்படித்தான் படிப்பார்கள். நந்தா பியூரிட்டனின் அந்தரங்க வேதனையையும் அப்படியே பால்கனியில் நின்று உருப்போட்டிருக்கிறாள். யாங்கூன் பிள்ளையைத் தவிர வேறு யாருக்கும் இந்தக் காரியம் தோன்றியிருக்காது. ஆனால் ஊ கதிரேசன் சிரிக்கும் நிலையில் இல்லை.

"படிச்சது போதும். பேரை வெட்டிக் குடுங்க. நாளையிலேருந்து கடைல கல்லாவுல உக்காரட்டும்" என்றார்.

என் சிரிப்பு நின்றுவிட்டது. பட்டத்தை முடித்தால் மிங்கலாடோனில் ஒரு பள்ளிக்கூடத்தில் நந்தாவுக்கு ஆசிரியை வேலை தருவதாகச் சொல்லியிருந்தார்கள். பரீட்சைக்குச் சில வாரங்களே பாக்கி. அவள் என் பக்கம் வந்து மெல்லிய குரலில், "கல்லாவுல ஒரு தடவை உக்காந்துட்டா நான் எழுந்திரிக்கவே முடியாது செயாமா" என்றாள்.

அதே அறையில் இருந்த டோ மியா தின், நான் பர்மியத்தில் எடுத்துச் சொன்ன அத்தனையையும் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். பிறகு பர்மியத்தில் நிதானமாகக் கேட்டார். "உங்க பொண்ணை மதம் மாத்துறோம்னு எங்கே எழுதியிருக்கு?"

"எழுதல. காதால கேட்டேன்."

"காதால பாதிதான் கேட்டிருக்கீங்க. ஒருத்தர் பேசி முடிச்சதும் சபை கேள்வி கேக்கும், அப்புறம் ஓட்டு. மீதியை வியாழக்கிழமை வந்து கேளுங்க. சபையில உறுப்பினரா உக்காருங்க, உங்களுக்கும் ஓட்டு உண்டு. அதுக்கப்புறமும் வேணாம்னு தோணினா நானே பேரை வெட்டித் தர்றேன்."

ஊ கதிரேசன் முறைத்துப் பார்த்துவிட்டு, சரி என்று தலையாட்டினார். அவர்கள் போன பிறகு டோ மியா தின் என் பக்கம் திரும்பினார். "ராணி, அவர் வர்றாருங்கிறதுக்காகப் பாடத்தை மழுப்பாதே. ஒரு வரிகூட மாத்தக் கூடாது" என்றார். வாழைத்தார் வியாபாரியின் கையில் ஓட்டைக் கொடுத்துவிட்டு, மழுப்பவும் கூடாது என்றால் எப்படி?

வியாழக்கிழமை ஜன்னல்களில் தலைகள். நான் மூன்று தடவை முகம் கழுவிக்கொண்டேன். ஊ கதிரேசன் வெள்ளைச் சட்டை போட்டு வந்திருந்தார். இடம் ஒதுக்கும் குழு கூடிப் பேசி, வயதும் சொத்தும் உள்ளவர் என்று ஆண்கள் பக்கத்தில் முதல் பெஞ்சைக் கொடுத்தது. அதில் அவருக்குக் கொஞ்சம் திருப்திதான். சுற்றிலும் பார்த்தார்.

"சிலுவை எங்க செயாமா?"

"அவங்களுக்குச் சிலுவை ஆகாது."

"சாமி படம்?"

"அதுவும் ஆகாது."

"மணி, பாட்டு, ஊதுவத்தி, ஒண்ணும் கிடையாதா? அப்ப எதுக்கு இத்தன பேரு கூடியிருக்கீங்க?"

"கேக்கறதுக்கு" என்றேன். அவருக்கு அது புரிந்த மாதிரி தெரியவில்லை.

நான் வழக்கம்போல நான்கு படிகளை எழுதிப்போட்டு, சந்தேகம் கலந்த நம்பிக்கைதான் அசல் என்று விளக்கினேன். பிறகு பிரசங்கத்தை ஆரம்பித்தேன். விடியும் முன்பே படித்துறைக்குப் போய்த் தார் இறக்கிவிட்டு வந்த மனிதர், மணல் பாதி இறங்குவதற்குள் தலையைத் தொங்கப் போட்டுவிட்டார். கோ நைங் கம்போடு அவர் பக்கத்தில் போய் நின்றான். வேண்டாம் என்று நான் கண்ணைக் காட்டினேன். அவன் டோ மியா தினைப் பார்த்தான். அவர் கண் மூடியிருந்தது. எழுதியிருக்கிறபடி நடக்க வேண்டும் என்று நினைத்தானோ என்னவோ, பந்து முனையால் ஊ கதிரேசனின் தலையில் டொக் என்று ஒன்று வைத்துவிட்டான்.

ஊ கதிரேசன் தலையைத் தடவிக்கொண்டு கம்பைப் பார்த்தார், பையனைப் பார்த்தார். "இது வழக்கமா?" என்றார். ஆமாம் என்றேன். "நல்ல வழக்கந்தான்" என்று நிமிர்ந்து உட்கார்ந்தார். அதற்குப் பிறகு அவர் கண் சிமிட்டவே இல்லை.

நந்தாவைக் கூப்பிட்டேன். நீ எழுதியதை நானே வாசிக்கட்டுமா, பெண்களுக்கு அந்த வழக்கம் உண்டு என்று கேட்டேன். வேண்டாம், நானே சொல்கிறேன் என்றாள். அவள் எடுத்துக்கொண்ட பாத்திரம் மூன்றாம் தலைமுறைப் பெண். அந்தத் தலைமுறையில்தான் பியூரிட்டன்களுக்குப் பெரிய சிக்கல் வந்தது. கடல் தாண்டி வந்த தாத்தாமாருக்குச் சொல்ல அனுபவம் இருந்தது. இங்கேயே பிறந்தவர்களில் பலருக்கு எழுந்து நின்று சொல்ல ஒன்றும் இல்லை. அவர்களுடைய பிள்ளைகளைச் சபையில் சேர்ப்பதா வேண்டாமா என்று சண்டை போட்டு, கடைசியில் பாதி உறுப்பினர் என்று ஓர் ஏற்பாடு செய்தார்கள். ஞானஸ்நானம் உண்டு, அப்பமும் ரசமும் பகிர்ந்துகொள்கிற திருவிருந்தும் ஓட்டும் கிடையாது. எங்கள் பிள்ளைகளுக்கு இதை விளக்கவே தேவையில்லை. தமிழில் நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேச வராமல் காவடி எடுக்கிற பேரன்களை அவர்கள் வருடா வருடம் பார்க்கிறார்கள்.

அன்று இங்கிலீஷ் தெரியாத அப்பாவுக்காக நந்தா பர்மியத்தில் பேசினாள். நான் தமிழில் தருகிறேன்.

"என் தாத்தா இந்தச் சபைக்காகக் கடல் தாண்டி வந்தார். கப்பலிலேயே அவருடைய தம்பி இறந்துபோனார். வந்த முதல் குளிர்காலத்தில் தாத்தா இங்கே எழுந்து நின்று, கடவுள் தன்னைத் தொட்ட கதையைச் சொன்னாராம். என் அப்பா இந்தக் கரையில் பிறந்தார். நேர்மையானவர், காணிக்கை தவறாதவர். ஆனால் ஒரு நாளும் இந்த இடத்தில் எழுந்து நின்றதில்லை. தாத்தாவுக்குக் கிடைத்தது அவருக்குக் கிடைக்கவில்லை. வீட்டில் அதைப் பற்றிப் பேச மாட்டார். அந்த வீட்டில் நான் வளர்ந்தேன்."

ஊ கதிரேசனின் தாத்தாவும் கப்பலில் வந்தவர்தான், ரங்கூன் துறைமுகத்தில் மூட்டை தூக்க. முதல் பெஞ்சில் இருந்தவர் இரண்டு கையையும் முழங்காலில் ஊன்றிக்கொண்டு முன்னால் சாய்ந்தார். நந்தா பயத்தைச் சொன்னாள். ஊரில் நோய் வந்தபோது அடுத்தது நான்தானோ என்று படுக்கையில் விழித்துக் கிடந்ததைச் சொன்னாள். நிம்மதி வந்ததையும் அது பொய்த்துப்போனதையும் சொன்னாள். குரல் அவளுடைய குரல்தான், பால்கனிக் குரல் இல்லை. நான் மணல் கடிகாரத்தைப் பார்க்க மறந்துவிட்டேன். அவ்வளவு நன்றாக இருந்தது.

கடைசிப் படிக்கு வந்தபோது அவள் அப்பாவை ஒரு தடவை பார்த்தாள். ஒத்திகையில் அவள் முடித்தது, சில காலையில் நம்பிக்கை வருகிறது, மாலைக்குள் போய்விடுகிறது என்று. இப்போது சட்டென்று குரலை உயர்த்தினாள். "ஆனால் இனி எனக்கு எந்தச் சந்தேகமும் இல்லை. கடவுள் என்னைத் தேர்ந்தெடுத்துவிட்டார். அது எனக்கு நூற்றுக்கு நூறு தெரியும்!" என்று முடித்தாள். எப்படியாவது ஜெயித்துவிட வேண்டும் என்ற பயத்தில் மாற்றிவிட்டாள். நான் போதகர், குறுக்கே பேச முடியாது.

பையன்கள் ஒப்புக்கு இரண்டு கேள்வி கேட்டார்கள். ஊ கதிரேசன் எழுந்தார். "நான் கேக்கலாமா?" என்றார். உறுப்பினர் தாராளமாகக் கேட்கலாம் என்றேன்.

"உன் தாத்தாவுக்கு அந்த அருள் கிடைச்சதுன்னு உனக்கு எப்படித் தெரியும்?"

"எல்லாரும் சொன்னாங்க."

"உன் அப்பாவுக்குக் கிடைக்கலன்னு யாரு சொன்னா?"

"அவர் ஒண்ணும் சொன்னதில்ல" என்றாள் நந்தா.

"நீ கேட்டியா?"

"இல்ல."

"ம்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். நான் ஓட்டுக்கு விட்டேன். ஒரு மனதாக இருக்க வேண்டும் என்பதுதான் அந்தச் சபைகளின் ஆசை. ஆண்கள் பெஞ்சில் எல்லாக் கைகளும் உயர்ந்தன, கோ நைங் கம்போடு சேர்த்து உயர்த்தினான். ஊ கதிரேசனின் கை மட்டும் முழங்காலிலேயே இருந்தது.

போச்சு, எல்லாம் போச்சு, இவள் நாளைக்குக் கல்லாவில்தான் என்று நினைத்தேன். "உறுப்பினர் காரணம் சொல்லணும்" என்றேன்.

"பயந்தேன்னு சொன்னப்போ நம்பினேன். தூக்கம் வரலன்னு சொன்னப்போவும் நம்பினேன். கடைசில நூத்துக்கு நூறுன்னு சொன்னாளே, அத நான் நம்பல. தார் அடியில ஒரு மாதிரி பழுக்கும், நுனியில காயாத்தான் இருக்கும். எல்லாச் சீப்பும் ஒரே மாதிரி மஞ்சளா இருந்துச்சுன்னா அது புகை போட்ட பழம்."

பின்னாலிருந்து டோ மியா தின் கேட்டார். "எங்கே எழுதியிருக்கு?"

நான் மலைத்துப்போனேன். பழ வியாபாரத்துக்கெல்லாமா ஆதாரம் கேட்பது! ஆனால் ஊ கதிரேசன் தயங்கவே இல்லை. நேரே கரும்பலகைக்குப் போய், நான்காவது வரியில் விரலை வைத்தார். "இங்க. சின்ன நம்பிக்கைன்னு செயாமா எழுதியிருக்காங்க. இவ சொன்னது பெரிசு."

டோ மியா தின் கண்ணைத் திறந்தார். "எழுதியிருக்கு" என்றார். நான் வேலை பார்த்த காலத்தில் அவர் அப்படி ஒப்புக்கொண்டு நான் கேட்டது அன்று ஒரு தடவைதான். எனக்கு அங்கேயே ஆட வேண்டும்போல் இருந்தது. அந்தப் பாடத்தின் உயிரே அந்த வரியில்தான் இருக்கிறது. வருடா வருடம் பிள்ளைகள் அதை மனப்பாடம் செய்து பரீட்சைத் தாளில் இறக்கிவைத்துவிட்டுப் போவார்கள். இந்த மனிதர் அதை நம்பி ஓட்டுப் போட்டுவிட்டார், அதுவும் சொந்த மகளுக்கு எதிராக!

"சபை இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை. நந்தா காத்திருந்து அடுத்த வாரம் மறுபடி சொல்லலாம்" என்று போதகராக நான் அறிவித்தேன். நந்தாவின் கண்ணில் நீர் முட்டிக்கொண்டு நின்றது.

டோ மியா தின் முன்னால் வந்தார். "ஊ கதிரேசன், பாதி கேட்டீங்க, இப்ப மீதியும் கேட்டாச்சு. பேரை வெட்டட்டுமா?"

அவர் திடுக்கிட்டுத் திரும்பினார். "வெட்டிட்டா? வெட்டிட்டா இவ எப்படி அடுத்த வாரம் வந்து திருத்திச் சொல்வா?" என்று டோ மியா தினையே கோபித்துக்கொண்டார். பிறகு என்னைப் பார்த்துத் தமிழில், "செயாமா, இந்தச் சபையில சேர்றதுக்குள்ள மனுசன் கிழவனாயிடுவான் போலிருக்கே. இதுல போயி எவன் மதம் மாறப் போறான்?" என்றார்.

வகுப்பில் தமிழ் தெரிந்தவர்கள் வெடித்துச் சிரித்தார்கள். தெரியாதவர்கள் என்ன என்ன என்று கேட்டுவிட்டுச் சிரித்தார்கள். நந்தாவுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. "ஒரே ஒரு ஓட்டுத்தானேப்பா, போட்டிருக்கலாம்ல?" என்றாள்.

"எம் பொண்ணுங்கிறதுக்காகப் போட்டா அது சபையா?" என்றார். செருப்பைத் தேடி வாசல் வரை போனவர், அங்கேயே நின்று யோசித்தார். திரும்பி வந்து, மகள் பக்கத்தில் குனிந்து, மற்றவர்களுக்குக் கேட்காது என்று நினைத்துக்கொண்டு சொன்னார்: "அந்த அப்பாவ அடுத்த வாரம் எழுதறதுக்கு முன்னாடி, வீட்டுல வந்து என்கிட்ட ஒரு வார்த்த கேளு. சொல்றதுக்கு என்கிட்டயும் கொஞ்சம் இருக்கு."